நடுவில் இருக்கும் பெயர்

இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் விருதுகளைப் பற்றி ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை எனக்குள் இன்னும் அடங்கவில்லை. “அதெல்லாம் ஆறுதல் பரிசு தம்பி. ஆண்டு விழாவில் ஓடித் தோற்ற பிள்ளைக்கும் ஒரு சோப்பு டப்பா கொடுத்து அனுப்புவார்களே, அதுதான். கணக்கில் நிற்பது நோபல் மட்டும்தான்.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னை இயற்பியல் பக்கம் திருப்பியவர்களில் அவரும் ஒருவர். அந்த மரியாதையினாலேயே மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும், அடுத்த வாரமும், அதற்கு அப்புறமும் அந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொன்னது தவறு என்று தெரிந்தது. ஏன் தவறு என்று அடித்துச் சொல்லத்தான் நாள் பிடித்தது.

அதே சமயத்தில், என் பழைய ஆய்வகத்தில் எனக்கு ஜூனியராக இருந்த பெண் அமெரிக்காவிலிருந்து போன் செய்தாள். பிஎச்.டி. முடித்துவிட்டு அங்கே போஸ்ட்டாக், அதாவது தற்காலிக ஆய்வாளர். மெல்லிய படலங்களை மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோய் மின்தடையை அளப்பது அவள் வேலை. லீ–ஓஷராஃப்–ரிச்சர்ட்சன் விருதுக்கு அவள் பெயரைப் பரிந்துரைக்கலாமா என்று அவளுடைய பேராசிரியர் கேட்டிருக்கிறார். “எதுக்குண்ணா இதெல்லாம்? நிரந்தர வேலை கிடைக்குமான்னே தெரியல. விசா எப்போ முடியும்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன். இதுக்கு நடுவுல ஃபார்ம் வேற நிரப்பணுமா?” என்றாள். நிரப்பச் சொன்னேன். நிரப்பி அனுப்பினாள், கிடைக்கவில்லை. ஆனாலும் நிரப்பச் சொன்னது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அது வட, தென் அமெரிக்காக்களில் வேலை செய்யும் இளம் ஆய்வாளர்களுக்கான விருது. மிகக் குறைந்த வெப்பநிலை, வலுவான காந்தப்புலம், பரப்பு அறிவியல் என்று, திட திரவப் பொருள்களை ஆராயும் செறிபொருள் இயற்பியலின் சோதனைப் பக்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு உரியது. ஐரோப்பாவில் இதே போன்ற விருது குறைந்த வெப்பநிலை இயற்பியலர் நிக்கோலஸ் குர்ட்டி பெயரில் இருக்கிறது. ஜப்பானில் சர் மார்ட்டின் வுட் பெயரில். மூன்றையும் ஏற்படுத்தியது, மார்ட்டின் வுட் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற கருவி நிறுவனம். பிஎச்.டி. முடிவதற்கும் நிரந்தர வேலை கிடைப்பதற்கும் நடுவில் இருக்கிற இக்கட்டான காலத்தில் கைகொடுப்பதற்காக என்று சொல்லித்தான் அமெரிக்க விருதும் ஐரோப்பிய விருதும் தொடங்கப்பட்டன. இந்த நோக்கத்தில் ஆறுதல் எங்கே இருக்கிறது? இனி யாரைத் துறைக்குள் தக்கவைத்துக்கொள்வது என்ற கேள்விதான் இருக்கிறது.

டேவிட் லீ, டக்ளஸ் ஓஷராஃப், ராபர்ட் ரிச்சர்ட்சன். ஹீலியத்தின் எடை குறைந்த வகையான ஹீலியம்-3, உராய்வே இல்லாமல் ஓடும் மீப்பாய்மமாக மாறுவதைக் கண்டுபிடித்ததற்காக 1996இல் நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவர். ஓஷராஃப் நடுவில் வருவது அகர வரிசையால்தான். ஆனால் அந்த நடுப்பெயர்க்காரர் கண்டுபிடிப்பு நடந்த அன்று 26 வயது ஆராய்ச்சி மாணவர். மற்ற இருவரும் அவருடைய ஆசிரியர்கள். இளைஞர்களுக்கான ஒரு விருதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பேனா போட்ட கோடு

1971 நவம்பர், கார்னெல் பல்கலைக்கழகம். ஓஷராஃப் அப்போது பயன்படுத்தியது பொமெரான்சுக் முறைக் குளிர்கலம். சோவியத் இயற்பியலர் ஐசக் பொமெரான்சுக் 1950இல் சொன்ன யோசனை அது. சாதாரணமாக ஒரு திரவம் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும். ஹீலியம்-3 மட்டும் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டி, 0.3 கெல்வினுக்குக் கீழே தலைகீழாக நடந்துகொள்ளும். அதன் திடநிலையில் அணுக்கருக்களின் சுழல்கள் திரவத்தில் இருப்பதைவிட அதிகமாகக் குலைந்து கிடக்கும். அதனால் திரவத்தை அழுத்தி உறைய வைத்தால் அது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுக்கும். அழுத்த அழுத்தக் குளிரும். கலத்துக்குள் திடமும் திரவமும் சேர்ந்தே இருக்கும்வரை அழுத்தத்தைப் பார்த்தே வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். தனியாக வெப்பமானி தேவையில்லை.

சுமார் 34 வளிமண்டல அழுத்தத்தில் கலத்தைச் சீரான வேகத்தில் அழுத்திக்கொண்டே போனார். அழுத்தத்தின் ஏற்றத்தை ஒரு சார்ட் ரெக்கார்டர் காகிதத்தில் வரைந்துகொண்டே வந்தது. ஓர் இடத்தில் கோட்டின் சரிவு மாறியது. வெட்டு இல்லை, குதிப்பு இல்லை, ஒரு சிறு முறிவு மட்டும். கோடு போகவேண்டிய திசையிலிருந்து கொஞ்சம் விலகி வேறு சாய்வில் தொடர்ந்தது. இன்னும் கீழே போனபோது இன்னொரு சின்ன நெளிவு.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். குறைந்த வெப்பநிலை ஆய்வகத்தில் இரவு உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சூழ்நிலை தெரியும். பம்ப் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். சுருதி கொஞ்சம் மாறினாலும் காது திரும்பும். திரவ ஹீலியத்தை டியூவர் என்னும் வெப்பம் புகாக் குடுவையிலிருந்து, சோதனை நடக்கும் குளிர்கலனான க்ரையோஸ்டாட்டுக்கு மாற்றும்போது குழாயின் மூட்டுகளில் உறைபனி வெள்ளையாகப் படியும். கை பட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஹீலியத்தின் விலையை நினைத்துக்கொண்டேதான் வால்வைத் திறப்போம். அப்படிப்பட்ட ஓர் இரவில் கோட்டில் ஒரு முறிவு வந்தால் மனம் முதலில் தேடுவது கருவியின் குறையைத்தான். எங்கோ கசிவு இருக்கும். யாரோ கதவைச் சாத்தியிருப்பார்கள். கலத்துக்குள் திட ஹீலியம் நசுங்கி இடம் மாறியிருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அதுதான் காரணமாகவும் இருக்கும். அதனால் அந்த முறிவைக் கண்டுகொள்ளாமல் விடுவது சோம்பேறித்தனம் ஆகாது. அனுபவசாலிகள் அப்படித்தான் செய்வார்கள்.

ஓஷராஃபும் முதலில் கருவியைத்தான் சந்தேகப்பட்டார். ஆனால் விட்டுவிடவில்லை. கலத்தைத் திரும்பவும் தயார் செய்து, இன்னும் நன்றாக முன்குளிர்வித்து, மறுபடி அழுத்திப் பார்த்தார். முறிவு அதே அழுத்தத்தில் வந்தது. கசிவுக்கோ நசுங்கலுக்கோ அப்படி ஓர் ஒழுங்கு இருக்காது. வேறு நிலைமையிலிருந்து தொடங்கியும் அதே இடத்தில் வருகிற ஒன்று பொருளின் சொந்தக் குணமாகத்தான் இருக்க வேண்டும். கோட்டில் இருந்த இரண்டு அடையாளங்களுக்கும் ஏ, பி என்று எழுத்து வைத்தார்கள். மீப்பாய்ம ஹீலியம்-3இன் இரண்டு நிலைகளை இன்றும் உலகம் ஏ நிலை, பி நிலை என்றுதான் அழைக்கிறது.

அதற்குப் பிறகும் விஷயம் நேராகப் போகவில்லை. 1972இல் வந்த முதல் கட்டுரை, திட ஹீலியம்-3இல் ஒரு புது நிலை தெரிவதாகத்தான் சொன்னது. மாற்றம் திடத்தில் நடக்கிறதா திரவத்தில் நடக்கிறதா என்று பிரித்துப் பார்க்க, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வைப் பயன்படுத்தினார்கள். கலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காந்தப்புலத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போனால், கலத்தின் எந்தப் பகுதியிலிருந்து எந்தச் சமிக்ஞை வருகிறது என்று தெரிந்துவிடும். இன்று ஆஸ்பத்திரிகளில் எம்ஆர்ஐ ஸ்கேன் படம் எடுப்பதும் இதே உத்தியில்தான். பதில் திரவத்திலிருந்து வந்தது. 1972 ஏப்ரல் 20, அதிகாலை 2:40 மணிக்கு, திரவ ஹீலியம்-3இல் பிசிஎஸ் மாற்றத்தை இன்றிரவு கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓஷராஃப் ஆய்வக நோட்டில் எழுதிவைத்தார். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்வதால் ஓர் உலோகம் மின்தடையே இல்லாத மீக்கடத்தி ஆவதைப் போல, ஹீலியம்-3 அணுக்களும் ஜோடி சேர்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம்.

முதல் கட்டுரையில் பெயர் வரிசை ஓஷராஃப், ரிச்சர்ட்சன், லீ. மாணவர் முதலில், மூத்த ஆசிரியர் கடைசியில். ஆசிரியர்கள் இருவரும் கடைசிவரை அந்த நியாயத்தில் நின்றார்கள். நோபல் மூன்று பெயர்களுக்கும் போனது. அதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 26 வயதில் பார்த்ததற்கு 51 வயதில் பரிசு. நடுவில் ஓஷராஃப் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார், அப்புறம் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அவருக்கு இடம் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

பெயர் விடுபட்டவர்கள்

இந்தத் துறையின் தொடக்கமே ஒரு பெயர் விடுபட்ட கதைதான். 1911 ஏப்ரல் 8, லைடன் நகரம். காமர்லிங் ஓனஸின் ஆய்வகத்தில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போனது. மீக்கடத்தி என்ற ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. க்ரையோஸ்டாட்டின் அருகே ஓனஸும் அவருடைய தலைமைத் தொழில்நுட்பக்காரர் கெரிட் ஃப்ளிம்மும். மின்தடையை அளந்துகொண்டு வேறோர் இருட்டறையில் உட்கார்ந்திருந்தவர்கள் கார்னெலிஸ் டோர்ஸ்மனும் கில்லெஸ் ஹோல்ஸ்டும். ஹோல்ஸ்டுக்கு வயது 25. கட்டுரை ஓனஸ் என்ற ஒற்றைப் பெயரில் வெளிவந்தது. அந்தக் காலத்து ஆய்வகங்களில் அது வழக்கம். ஓனஸைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் தடை சுழியாவதை முதலில் பார்த்த கண்களில் ஒரு ஜோடி ஹோல்ஸ்டுடையது என்பதை இன்று எத்தனை பாடப்புத்தகம் சொல்கிறது? ஹோல்ஸ்ட் 1914இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்குப் போய், ஐந்தோவனில் அதன் ஆராய்ச்சிக் கூடத்தை உருவாக்கினார். அவர் வாழ்க்கை வீணாகப் போகவில்லை. பெயர்தான் அந்தப் பக்கத்தில் இல்லை.

கார்னெல் கதையிலும் ஓர் இடைவெளி உண்டு. மாற்றம் திரவத்தில்தான் நடக்கிறது என்று சொன்ன இரண்டாவது கட்டுரையில் நான்கு பெயர்கள். நான்காமவர் டபிள்யூ. ஜே. குல்லி, அவரும் அங்கே மாணவர். நோபல் விதி ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க விடாது. ஓஷராஃபைக் கொண்டாடும்போதெல்லாம் எனக்குக் குல்லியின் நினைவும் வரும். பெரிய பரிசுகள் ஒரு கண்டுபிடிப்பைச் சுருக்கிக் கையடக்கமாக்குகின்றன. சுருக்கும்போது முதலில் உதிர்வது வயதில் சிறியவர்கள். இளையவர்களுக்கென்று தனியாக விருது வேண்டும் என்று நான் சொல்வதன் முதல் காரணம் இதுதான். ஒரு குழுவின் வேலையில் இந்தப் பகுதி இன்னாருடைய கையால் நடந்தது என்று வெளியுலகம் எழுத்தில் ஒப்புக்கொள்கிற சந்தர்ப்பம் வேறெங்கும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பேராசிரியரின் பெயர் எப்படியும் நிலைக்கும்.

1.1 டிகிரி

இரண்டாவது காரணம் நேரம். அதைப் புரியவைத்தது கிராஃபீன் கதை. கார்பன் அணுக்களின் ஒற்றை அடுக்குதான் கிராஃபீன். இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றைச் சுமார் 1.1 டிகிரி திருப்பினால் எலக்ட்ரான்களின் வேகம் ஏறக்குறைய நின்றுபோகும், அவை ஒன்றையொன்று கடுமையாக உணரத் தொடங்கும் என்று 2011இல் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் இருவர். ஒருவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஆலன் மெக்டொனால்டு. மற்றவர் அவரிடம் போஸ்ட்டாக் ஆக இருந்த ரஃபி பிஸ்ட்ரிட்சர். 2018இல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரீயோ-ஹெரேரோவின் குழு அதைச் செய்து காட்டியது. அந்தக் கோணத்தில் கிராஃபீன் 1.7 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாக மாறியது. துறையே அந்தப் பக்கம் திரும்பியது. 2020இல், இயற்பியலின் பெரிய பரிசுகளில் ஒன்றான உல்ஃப் விருது ஹரீயோ-ஹெரேரோ, மெக்டொனால்டு, பிஸ்ட்ரிட்சர் மூவருக்கும் கொடுக்கப்பட்டது.

விருது வந்தபோது பிஸ்ட்ரிட்சர் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் இல்லை. இஸ்ரேலில் தொழில்துறை வேலைக்குப் போயிருந்தார். அவர் போனதற்குக் காரணம் அவருடைய சொந்த விஷயம், தொழில்துறை வேலை எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. ஹோல்ஸ்ட் போனதும் அங்கேதான். ஆனால் ஒரு துறையையே மாற்றிய கணக்கைப் போட்டவர், அந்தக் கணக்கு பலிக்கும்போது துறைக்கு வெளியே இருந்தார் என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. 2012லோ 2013லோ ஒரு விருதுக் குழு அந்தக் கட்டுரையைப் படித்து, இது சரியா தவறா என்று தெரிய நாளாகும், ஆனால் யோசித்த விதம் அசாதாரணம் என்று சொல்லி ஒரு விருதை அவர் கையில் கொடுத்திருந்தால்? நடந்திருக்கும் நடந்திருக்காது என்பது வேறு. அப்படிச் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்க வேண்டும். நோபலுக்கும் உல்ஃபுக்கும் அந்த அவசரம் இல்லை. அவை காத்திருந்து, உறுதியான பிறகுதான் கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும். இளம் ஆய்வாளர் விருது காத்திருந்தால் அதன் வேலையே போச்சு.

இதைப் பற்றி எம்.ஐ.டி. குழு 2018இல் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளிலும் முதல் பெயர் யுவான் சாவ். சாம்பிள்களைச் செய்து அளந்த மாணவர், வயது 21. உல்ஃப் விருதில் அவர் பெயர் இல்லை. மேலே சொன்ன முதல் காரணம் இங்கேயும் வந்து நிற்கிறது.

முன்னால் வந்த விருதுகளும் உண்டு. மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்முடன் கிராஃபீனைப் பிரித்தெடுத்த கான்ஸ்டன்டின் நொவசெலோவுக்கு 2007இல் குர்ட்டி விருது கிடைத்தது, நோபல் 2010இல். நம் ஊர்ப் பக்கம் பார்த்தால், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரனுக்கு இத்தாலியின் ட்ரியெஸ்டிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் தன் இளம் விஞ்ஞானி பரிசை 1983லேயே தந்தது. பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து உயர்வெப்பநிலை மீக்கடத்திகளைப் பற்றி அவர் செய்த, இன்று எல்லாரும் அவரோடு சேர்த்துச் சொல்கிற வேலை 1987இல்தான் வந்தது. ஆனால் பின்னால் நோபல் வந்ததா என்று பார்த்து இளம் விருதை எடைபோடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பார்த்தால் குழுக்கள் பாதுகாப்பான பெயர்களையே தேடிப் போகும்.

யாருக்கு, எப்போது

நடப்பது பெரும்பாலும் அதுதான் என்பது என் எண்ணம். விருது பெறுபவர்களின் பட்டியல்களைப் பார்த்தால், பலர் ஏற்கெனவே உதவிப் பேராசிரியர் ஆனவர்கள், சொந்த ஆய்வகம் உள்ளவர்கள். அவர்களும் தகுதியானவர்கள்தான். ஆனால் இக்கட்டான காலத்தைத் தாண்டிவிட்டவர்கள். வயது வரம்பும் இதற்குத் துணைபோகிறது. ஜப்பானின் சர் மார்ட்டின் வுட் விருதுக்கு 40, நம் நாட்டு அறிவியலாளர்களுக்கான பட்நாகர் விருதுக்கு 45. நாற்பத்தைந்து வயதுக்காரரை இளைஞர் என்று அழைப்பதில் எனக்குத் தகராறு இல்லை. அந்த வயதில் ஒருவருக்குத் தேவைப்படுவதும், விசா முடிய நாள் எண்ணும் 31 வயது போஸ்ட்டாக்குக்குத் தேவைப்படுவதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே பரிசால் செய்ய முடியாது.

பிறந்த தேதியை வைத்து எண்ணுவதே சோதனை ஆய்வாளர்களுக்கு அநியாயம். மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோகும் டைல்யூஷன் ரெஃப்ரிஜிரேட்டர் ஒன்றை நிறுவி, வயரிங் செய்து, இரைச்சலைக் குறைத்து, முதல் நம்பகமான அளவீடு எடுப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அந்த வருடங்களில் கட்டுரை எதுவும் வராது. நடுவில் குழந்தை பிறந்தால் ஒரு பெண்ணுக்கு இன்னும் சில வருடம். பிஎச்.டி. முடித்த தேதியிலிருந்து எண்ணி, விடுப்பைக் கழித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கருவி விற்கும் கம்பெனி கொடுக்கிற பரிசு, விளம்பரம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனிக்கு ஆதாயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மார்ட்டின் வுட் யார் என்று பார்க்க வேண்டும். இளம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் க்ளாரண்டன் ஆய்வகத்தில் குர்ட்டி போன்றவர்களுக்குக் காந்தங்கள் கட்டிக்கொடுத்த பொறியாளர். 1959இல் மனைவி ஆட்ரியோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கி, வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தார். 1960களின் தொடக்கத்தில் மீக்கடத்திக் கம்பி கிடைக்கத் தொடங்கியதும் அதைச் சுற்றிக் காந்தம் செய்தார். அந்த வரிசையில்தான் பின்னாளில் ஆள் நுழையும் அளவுக்கு எம்ஆர்ஐ காந்தங்கள் வந்தன. மற்றவர்கள் பெயரில் வெளியான எத்தனையோ அளவீடுகளுக்குப் பின்னால் அவர் சுற்றிய கம்பி இருந்தது. கருவி கட்டுகிறவரின் கைக்கு மதிப்புத் தெரிந்த ஒருவர் பெயரில் விருது இருப்பது எனக்கு உவப்பாகவே இருக்கிறது.

குழுக்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். இந்த விருதுகளின் அறிவிப்புகள் இன்னாரின் பங்களிப்புக்காக என்று ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. அந்த வரியைப் படித்தால் வேலை தெரியும், கை தெரியாது. பரிந்துரைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும். முக்கியமான அளவீடு நடந்தபோது கருவியின் முன்னால் யார் யார் இருந்தார்கள்? எதிர்பாராத ஒன்று தெரிந்தபோது அதை விடாமல் திரும்பச் செய்து பார்த்தது யார்? இரண்டு பெயர் வந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். பணத்தைப் பிரிப்பதில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர்களில் சிலர் கேட்காமலேயே இதையெல்லாம் எழுதுகிறார்கள். படிவம் கேட்டால் மற்றவர்களும் எழுதியாக வேண்டும்.